வாண்டுவின் காருக்கு ஒரு காது

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. அதற்குக் காரணம் நான்தான். மேஜையின் முக்கால் பாகத்தில் என் துணிமணிகள், கத்தரி, இஞ்சுடேப், சாக்கட்டி. மிச்சமிருக்கும் மூலையில்தான் தட்டு வைக்க இடம். என் வீட்டுக்காரர் ஒருநாள் எதையோ கடித்துவிட்டு, "இன்னிக்கு என்ன புதுசா போட்டிருக்க?" என்று கேட்டார். வாயிலிருந்து எடுத்துப் பார்த்தால் சட்டைப் பொத்தான்.

வீட்டில் தைப்பவளுக்கு ஒரு தனி அறை வேண்டும் என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருந்தது. அறை இல்லாமல் இல்லை. வீட்டை ஒட்டி ஒரு ஷெட் இருக்கிறது. சிமெண்டுத் தரை, வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், நாள் முழுக்கக் கண் கூசாத வெளிச்சம். வெட்டு மேஜை போடுவதற்கென்றே கட்டினாற்போல் இருக்கும். ஆனால் அதில் ராஜபோகமாக ஒரு கார் குடியிருந்தது. என் நாத்தனாருடைய கார்.

நாத்தனாருக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் வீட்டில் இன்னும் வாண்டுதான். குழந்தையில் வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மாடி அறையில் இருக்கிறாள். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பினால் இவள் பல்லைச் செய்து கொடுப்பாள். அவள் செய்த பல் போய் உட்கார்ந்தால் பக்கத்துப் பல்லுக்கே சந்தேகம் வராது. அந்தக் கைகளை நான் எப்போதும் வாய் பிளந்து பார்ப்பேன். அதே கைகள் ஷெட்டை விட்டுத் தரமாட்டேன் என்கிறபோது மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கார் கரும்பச்சை. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, ஆறு சிலிண்டர். எங்கள் பெற்றோர் காலத்தில், வேகப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று முறுக்கேற்றி விற்ற வண்டியாம். துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாகச் செலவழித்து, வாண்டு தன் கையாலேயே உயிர் கொடுத்தாள். அதை அவள் கிளப்பும்போதெல்லாம் நான், "ஆரம்பிச்சுட்டா இரைச்சலை" என்று ஜன்னலைச் சாத்துவேன்.

அவள் அதைச் சரிசெய்கிற விதத்தை மட்டும் ஜன்னலிடுக்கு வழியாகப் பார்த்துவிடுவேன். அதை எப்படிச் சொல்வது? என் தொழிலை வைத்தே சொல்கிறேன். தையல் மிஷினில் ஊசி கீழே இறங்கித் திரும்பும்போது நூல் ஒரு சின்னக் கண்ணி விடும். அடியில் சுற்றும் கொக்கி அந்த நொடியில் வந்து அதைப் பிடிக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தையல் விழாது. இன்ஜினும் அப்படித்தான். பிஸ்டன் மேலே ஏறி பெட்ரோலும் காற்றும் கலந்ததை அமுக்கும். அது உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும். ரொம்ப முந்திவிட்டால், ஏறி வருகிற பிஸ்டனின் தலையிலேயே நெருப்பு ஓங்கி அடிக்கும். அப்போது தகர டப்பாவில் பொத்தான்களைப் போட்டுக் குலுக்கினாற்போல் மெல்லிசாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் இன்ஜின் செத்துப்போகும்.

தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு அந்தக் காரில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு கிண்ணம் உண்டு. அதற்குள் இருக்கும் பாயிண்ட் என்ற சின்ன உலோக முனை தேயத் தேய, நேரம் தப்பும். சில மாதங்களுக்கு ஒருமுறை வாண்டு அதன் திருகைத் தளர்த்தி, இன்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே கிண்ணத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவாள். ஒரு இடத்தில் அவள் முகம் மலரும். அங்கே திருகை இறுக்கிவிடுவாள். பிறகு மேட்டில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பாள், அவ்வளவுதான். இதற்கென்று ஒரு விளக்குத் துப்பாக்கி விற்கிறார்கள். இன்ஜினின் முன்பக்கம் சுற்றும் சக்கரத்தில் கம்பெனிக்காரன் போட்ட குறியின் மேல் அந்த வெளிச்சத்தை அடித்துப் பார்த்து வைக்கலாம். அவளிடமும் ஒன்று இருந்தது, பிரிக்காத டப்பாவில். "சுருதியைக் கண்ணால பார்த்தா சேர்ப்பாங்க, அண்ணி?" என்று சிரிப்பாள்.

அந்தக் காதுதான் போகத் தொடங்கியது.

முதலில் நாங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், திமிர் என்று நினைத்தேன். பிறகு அவளே டாக்டரிடம் போய்க் காதுக்கு மிஷின் மாட்டிக்கொண்டு வந்தாள். பேசினால் கேட்கும், மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். அழவில்லை, புலம்பவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். ஒருநாள் சாயங்காலம் ஊரைச் சுற்றிவிட்டு வந்து காரை ஷெட்டில் விட்டவள், நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"மேட்டுல ஏறும்போது அந்தச் சத்தம் வருதா இல்லையான்னே எனக்குத் தெரியல. காதுல இதை வச்சா எல்லாமே ஒரே இரைச்சல். எடுத்துட்டா எதுவுமே இல்ல."

"சத்தம் வரலைன்னா நல்லதுதானே?"

"வராம இருக்கிறது வேற, கேக்காம இருக்கிறது வேற அண்ணி. எனக்குக் கேக்காமலே அது வந்துட்டு இருந்தா, பிஸ்டன்ல ஓட்டை விழுந்தப்புறம்தான் தெரியும். என் கையாலயே அதைக் கொல்ல மாட்டேன். பல் டாக்டர்கிட்டக் கொடுத்துடறேன்."

பல் டாக்டர் அவளிடம் பல் செய்யக் கொடுப்பவர். வருஷக்கணக்காக அந்தக் காரைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தவர். வசதியான மனிதர், நல்ல மெக்கானிக் ஒருவரையும் வைத்திருந்தார்.

"ஷெட்டை நீங்க எடுத்துக்கங்க," என்றாள் எழுந்துகொண்டே.

பொய் சொல்வானேன்? அவள் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் என் மனசு வெட்டு மேஜையை ஜன்னலோரம் போட்டு, இஸ்திரிப் பெட்டிக்கு பிளக் பாயிண்ட்டும் வைத்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவள் முகம் ஞாபகம் வந்தது. என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறு வாரம் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் பழைய களை.

"ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கறேன் அண்ணி. டிஸ்ட்ரிபியூட்டரையே கழட்டி எறிஞ்சுடப் போறேன்."

பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் துணிகளின் மேலேயே பரப்பினாள். பல்சக்கரம் ஒன்று, அதில் ஒரு இடத்தில் மட்டும் பல் இல்லை. அந்தப் பொக்கை எப்போது கடந்து போகிறது என்று பார்க்கும் விரலளவு சென்சார் ஒன்று. அதைக் கேட்டுக்கொண்டு எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்று கணக்குப் போடும் கறுப்புப் பெட்டி. தீப்பொறியைப் பிளக்குகளுக்கு அனுப்பும் காயில்.

"பாயிண்ட் தேயும், அதனாலதான் அடிக்கடி கேட்டுக் கேட்டுத் திருப்ப வேண்டியிருந்துச்சு. இதுல தேயறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு தடவை சரியா வச்சுட்டா அப்படியே நிக்கும். அப்புறம் எனக்குக் காதே வேணாம்."

"பல் கட்டுறவளுக்கு ஏத்த சாமான்தான். இதுலயும் பல்லு, அதுவும் பொக்கைப் பல்லு," என்றேன்.

சிரித்தாள். பிறகு, "டாக்டர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டி எடுக்க வரேன்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள சரியா ஓடிச்சுன்னா வண்டி இங்க. இல்லைன்னா அவர்கிட்ட. ரெண்டுல ஒண்ணு. இழுத்துட்டே இருக்க மாட்டேன்," என்றாள்.

லீவு போட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். நான் ஒரு ஸ்டூலை ஷெட் வாசலில் போட்டுக்கொண்டு, கைத்தையல் வேலைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சாக்கு. உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான்.

அந்தப் பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாள். பழைய வயர்களை ஒவ்வொன்றாகத் துண்டித்து, எது எங்கே போனது என்று சீட்டு ஒட்டினாள், திரும்பத் தேவையே படாத வயருக்குக்கூட. டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, அது இருந்த ஓட்டைக்கு அலுமினியத்தில் ஒரு மூடி செய்தாள். கடையில் கிடைக்காதா என்று கேட்டேன். "கிடைக்கும். சுமாரா உட்காரும்," என்றாள். சுமார் என்ற சொல்லை அவள் வசைச்சொல் மாதிரி சொல்வாள்.

இன்ஜினின் முன்னால் பல்சக்கரத்தை மாட்டியதும், சென்சாரைப் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கி வேண்டியிருந்தது. பல் அராவும் சின்ன அரங்களை வைத்து அதை அராவினாள். வைத்துப் பார்ப்பாள், எடுப்பாள், ஒரே ஒரு இழுப்பு அராவுவாள், திரும்ப வைப்பாள். நான் ஒரு பாவாடைக் கரை முழுவதும் மடித்துத் தைத்து முடிக்கும்வரை இதையே செய்தாள். கடைசியில் பல்சக்கரத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினாள். தகடு எந்த இடத்திலும் இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. என்னையும் அறியாமல், "அடி ஆத்தாடி!" என்றேன்.

வயர் முனைகளை ஒவ்வொன்றாக நெரித்து இறுக்கினாள். இறுக்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்துப் பார்ப்பாள். வராவிட்டால்தான் அடுத்தது. நானும் பொத்தான் தைத்து முடித்ததும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பேன். எங்களுக்குள் ஒற்றுமை என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, தலைக்கேறிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாவியைப் போட்டாள். இன்ஜின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. பழைய நாட்களில் ரெண்டு இருமல், ஒரு தும்மல் இல்லாமல் கிளம்பியதே கிடையாது. விளக்குத் துப்பாக்கியை டப்பாவிலிருந்து எடுத்தாள். அந்த டப்பாவைப் பிரித்ததே அன்றைக்குத்தான். இன்ஜின் சக்கரத்துக் குறி பளிச்சென்று தெரிய என் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வெளிச்சத்தை அடித்தாள். அசுர வேகத்தில் சுற்றும் சக்கரத்தில் அந்தக் கோடு மட்டும் அசையாமல், இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. கறுப்புப் பெட்டியோடு இணைத்திருந்த லேப்டாப்பில் எண்கள் வரிசையாக நின்றன. வாண்டு என்னைக் கட்டிக்கொண்டாள். கிரீஸ் கறை என் ரவிக்கையில் அப்பிக்கொண்டது. திட்ட வாய் வரவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் அவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனாள். அவளுக்குக் கேட்காததை அவர் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. திரும்பி வந்து இறங்கிய மனிதர், "வெண்ணெய் மாதிரி ஓடுதுடி வாண்டு! அசத்திட்ட!" என்றார்.

நான் வாசலில்தான் நின்றிருந்தேன். எங்கள் தெருவே ஒரு சின்ன மேடு. கார் அதில் ஏறி வரும்போது நானும் கேட்டேன். ஒரு டப்பா நிறையப் பொத்தான்.

"வெண்ணெயா? என் காதுல விழுந்தது வேற," என்றேன். "தகர டப்பாவைக் குலுக்கற மாதிரி இருந்துச்சு வாண்டு. தெருமுனையிலேருந்து வாசல் வரைக்கும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்வையாலேயே எரித்தார். வாண்டு காரின் பக்கம் திரும்பினாள். உள்ளே எட்டி, சூடு காட்டும் முள்ளைப் பார்த்தாள். அது போகக்கூடாத இடத்துக்குப் போயிருந்தது. காரை ஷெட்டில் விட்டாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

"உனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா?" என்றார் அவர் உள்ளே வந்ததும். "அவ எவ்ளோ ஆசையா செஞ்சிருக்கா. ஒரு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு விட முடியலையா? ஷெட்டு மேல உனக்கு ஒரு கண்ணு. அதான்."

"சத்தம் வந்துச்சு. வந்துச்சுன்னு சொன்னேன். நீங்க சந்தோஷப்படுத்தறேன்னு சொல்லி அந்த இன்ஜினை உடைச்சுக் கொடுத்துடுவீங்க."

சொல்லிவிட்டுத் தையலில் உட்கார்ந்தேன். ஆனால் ஷெட்டு மேல் கண் என்ற சொல் சுருக்கென்று தைத்தது. முழுப் பொய்யாக இருந்தால் அப்படித் தைத்திருக்காது.

மறுநாள் காலை ஷெட் கதவு திறந்திருந்தது. வாண்டு காரின் மூக்குக்கு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலைப் போட்டேன்.

"பெட்டி சொல்றதும் சரி, விளக்கு காட்டறதும் சரி," என்றாள் யாரிடமோ சொல்வதுபோல். "இன்ஜின் மட்டும் தப்புங்குது. பொறி முந்தி விழுது, நல்லாவே முந்தி விழுது. எப்படி?"

"விளக்கு எதை வச்சுச் சரிங்குது?"

"குறியை வச்சு. பொக்கைப் பல்லையும் அதைப் பார்த்துத்தான் மாட்டினேன்."

சொல்லிவிட்டு அந்தச் சக்கரத்தின் பக்கம் குனிந்தாள். பிறகு மெதுவாக, "அந்தக் குறி சரிதானான்னு நான் ஒரு நாளாவது பார்த்திருக்கேனா?" என்றாள்.

சட்டென்று எழுந்தாள். ஆறு பிளக்கையும் கழற்றினாள், இன்ஜின் லேசாகச் சுற்றட்டும் என்று. முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில், நுனி மழுங்கிய ஒரு போல்ட்டைத் திருகி உள்ளே நீட்டினாற்போல் வைத்தாள். பிஸ்டன் ஏறி வந்தால் உச்சிக்குக் கொஞ்சம் முன்பே அதில் முட்டி நிற்கும். பெரிய ஸ்பேனரை இன்ஜின் சக்கரத்து நட்டில் மாட்டி, கண்களை மூடிக்கொண்டு மெள்ள மெள்ளச் சுற்றினாள். காதிலிருந்த மிஷினையும் கழற்றிப் பையில் போட்டிருந்தாள். முழுக்க முழுக்க உள்ளங்கையால் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "தொட்டுடுச்சு," என்றாள். நான் பார்த்தவரை எதுவுமே நடக்கவில்லை.

"அண்ணி, சாக்கட்டி."

கொடுத்தேன். அந்த இடத்தில் ஒரு கோடு. பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். மறுபடி தொட்டது, மறுபடி ஒரு கோடு.

"இந்த ரெண்டு கோட்டுக்கும் சரி நடுவுலதான் நிஜமான உச்சி இருக்கணும். டேப்பைக் கொடுங்க."

இடுப்பளவு எடுப்பதுபோல் சக்கரத்தின் விளிம்பில் என் இஞ்சுடேப்பைப் படியவைத்து, அளந்து, நடுவில் மூன்றாவது கோடு போட்டாள். கம்பெனிக்காரன் குறி அங்கே இல்லை. ஒரு விரற்கடை தள்ளி, ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி உட்கார்ந்திருந்தது.

வாண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"இது ஒரே சக்கரம் இல்ல அண்ணி," என்றாள் ஒருவழியாக. "உள்ள ஒரு சக்கரம், வெளிய ஒரு வளையம், நடுவுல ரப்பர். அதிர்வைத் தாங்கறதுக்காக. ரப்பர் கிழடாயிடுச்சு, வளையம் வழுக்கிடுச்சு. குறி வளையத்துல இருக்கு. எத்தனை வருஷமா பொய் சொல்லிட்டு இருக்கோ! விளக்கு வச்சுப் பார்க்கறவன் எவனா இருந்தாலும் முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பான். நான் காதால வச்சேன். அதனால குறி எங்க இருந்தா எனக்கென்னன்னு இருந்துட்டேன். காது நல்லா இருந்ததுதான் தப்பாப் போச்சு."

அவளைக் கேட்டால் ஒரு முட்டாள்தனத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னைக் கேட்டால், எந்தக் கருவியும் சொல்லாததை, கேட்காத காதோடு, கையை வைத்தே கண்டுபிடித்தாள். "சரி சரி, சிரிச்சது போதும், வேலையைப் பாரு," என்று மட்டும் சொன்னேன்.

வழுக்கிய சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அவளுக்குத் தெரிந்த பட்டறை ஒன்றிலிருந்து நல்லது ஒன்றை வாங்கி வந்து மாட்டினாள். நிஜமான உச்சியை மறுபடி ஒருமுறை கையால் பார்த்து, பொக்கைப் பல் அதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் தயார். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"நீ வேணாம் அண்ணா," என்றாள் வாண்டு. "அண்ணி வரட்டும்."

அந்தக் காரில் நான் அதுவரை ஏறியதே இல்லை. ஏறினேன் என்று சொல்வதைவிட, விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு தாழ்வான சீட்டு. ஊருக்கு வெளியே தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி நீளமான ஒரு மேடு இருக்கிறது. அதன் அடிவாரத்தில் நிறுத்தினாள்.

"பெரிய கியர்ல போட்டு, நல்லா அழுத்தி ஏத்தப் போறேன். சத்தம் வர்றதா இருந்தா இங்கதான் வரும். பேசினா எனக்குக் கேக்காது. வந்தா என் முழங்கால்ல ஒரு தட்டுத் தட்டுங்க."

"என்னை எதுக்குடி கூட்டிட்டு வந்த?" என்றேன். கேட்டே தீர வேண்டும் போலிருந்தது. "எனக்கு ஷெட்டு வேணும்னு உனக்குத் தெரியும்ல? நான் தட்டினா வண்டி சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குப் போயிடும்."

"அதனாலதான்," என்றாள், என் உதட்டையே பார்த்தபடி. "அண்ணா என் மேல பாவப்பட்டு நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாரு. வேற யாரா இருந்தாலும் அப்படித்தான். நீங்க ஒருத்தர்தான் எனக்காகப் பொய் சொல்ல மாட்டீங்க. எனக்கு எதிராவும் பொய் சொல்ல மாட்டீங்க."

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தால் மூக்கு சிவந்துவிடும். அதை நாத்தனாரிடம் காட்ட இஷ்டமில்லை.

கார் ஏறத் தொடங்கியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கையை அவள் முழங்காலுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, ஜன்மத்தில் கேட்காத அளவுக்குக் கவனமாகக் கேட்டேன். பாதி மேடு வரை ஒன்றுமில்லை. முக்கால் மேட்டில், மிக மிக மெல்லிசாக, டப்பாவில் ரெண்டே ரெண்டு பொத்தான்.

கை கனத்தது. வெட்டு மேஜை, வடக்கு ஜன்னல், எதுவும் எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கார் அந்த ஷெட்டிலேயே இருக்க வேண்டும், அவள் அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது. இவ்வளவு சின்னச் சத்தம்தானே, விட்டுவிட்டால் என்ன என்று மனசு கெஞ்சியது. தட்டினேன்.

ஓரமாக நிறுத்தினாள். அவள் முகம் தொங்கவில்லை. "எந்த இடத்துல ஆரம்பிச்சுச்சு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். பின்சீட்டிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்து, திரையில் தெரிந்த அட்டவணையில் அந்த வேகத்துக்கும் அந்தப் பாரத்துக்கும் உரிய கட்டங்களில் மட்டும் பொறியை ரெண்டு டிகிரி பின்னால் தள்ளினாள். மற்ற எதையும் தொடவில்லை. திரும்பி அடிவாரத்துக்கு வந்தாள்.

மறுபடி ஏறினோம். பாதி மேடு. முக்கால் மேடு. என் கை அவள் முழங்காலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. உச்சிக்கு வந்து, சமதரையில் உருண்டு, ஒரு மரத்தடியில் நின்றோம். அவள் இன்ஜினை அணைத்துவிட்டு என் கையைப் பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது. நான்தான் அதை இறக்க மறந்துவிட்டேன்.

"டாக்டருக்கு நீங்களே போன் பண்ணிடுங்க அண்ணி. போன்ல அவர் பேசறது எனக்குச் சரியா விளங்காது."

பண்ணினேன். "சார், வண்டி வீட்லயேதான் இருக்கும். கோவிச்சுக்காதீங்க," என்றேன். அவர் ஏதோ கெஞ்சிப் பார்த்தார். எனக்கு வாய் நீளம் என்பதை அன்றைக்குத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

போனை வைத்ததும் வாண்டு கேட்டாள், "எப்படி இருந்துச்சு அண்ணி?"

"நல்லா இருந்துச்சு. ஒண்ணுமே வரல."

"அது தெரியும், நீங்க தட்டலையே. சத்தம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கறேன். புது பொறியில எப்படிப் பாடுதுன்னு எனக்குத் தெரியாது. நான் அதைக் கேட்டதே இல்ல."

ஆயுசு பூராவும் அதை இரைச்சல் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தியவளிடம் கேட்கிறாள்.

"நல்ல பருத்தித் துணியை நீளமா விரிச்சிருக்கேன்னு வச்சுக்கோ," என்றேன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, உதடு தெரிகிற மாதிரி. "புதுசா சாணை பிடிச்ச கத்தரி. வெட்டக்கூட வேணாம். வாயைத் தொறந்து வச்சுச் சும்மா தள்ளினா போதும், ஒரே போக்கா போகும் பாரு, இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும். ஒரு இடத்துலகூட நூல் சிக்காது, நிக்காது. கை தானா பின்னாடியே ஓடும். அப்படி இருந்துச்சு."

என் உதடுகள் நின்ற பிறகும் அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. சாவியைத் திருப்பி, காரை வளைத்து, மறுபடி அடிவாரத்தைப் பார்த்து இறக்கினாள்.

"இன்னொரு தடவை ஏறலாம் அண்ணி," என்றாள். "இந்தத் தடவை ஏற ஏறச் சொல்லிட்டே வாங்க. என் காதுகிட்ட வந்து, கத்திச் சொல்லுங்க."